கார் பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டதா? வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி

காலையில் செல்ஃப் அடித்தால் எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. பேட்டரிக்கும் நாலு வயதாகிவிட்டது. உடனே கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுவிடுகிறோம். பல நேரம் அது சரியான முடிவுதான். சில நேரம் மட்டும் மூன்று மாதம் கழித்துப் புதுப் பேட்டரியோடு அதே தொல்லை திரும்பி வரும். கோளாறு டெர்மினலிலோ, எர்த் கேபிளிலோ, எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டரிலோ இருந்திருக்கும். பேட்டரி பழியைச் சுமந்திருக்கும். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர், 10 எம்எம் ஸ்பானர், ஒரு ராத்திரிக்கு இரவல் வாங்கிய சார்ஜர் இருந்தால் எது என்று வீட்டிலேயே பிரித்துவிடலாம்.

முதலில் வயது. நம் ஊர் வெயிலில் சாதாரண லெட் ஆசிட் பேட்டரி மூன்றிலிருந்து ஐந்து வருடம் ஓடும். குளிர்நாடுகளில் இதைவிட அதிகம் வரும். காரணம் சூடு: வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் புழங்கும் தோராயக் கணக்கு. பானட்டுக்குள் வேகும்போது பாசிட்டிவ் பிளேட்டின் கம்பிச் சட்டம் அரித்துப்போகிறது, தண்ணீர் ஆவியாகிறது. இந்தச் சேதம் மே மாதம் நடக்கும். வெளியே தெரிவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். மழையில் வைப்பர், ஹெட்லைட், புளோயர் எல்லாம் ஓட, டிராஃபிக்கில் வண்டி ஐடிலில் நிற்கும். ஆகவே மூன்றாவது வருடம் முடிந்ததும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதியுங்கள், அதில் ஒன்று மழைக்காலத்துக்கு முன்பாக இருக்கட்டும்.

வயதை மட்டும் வைத்தோ, ஒரு நாள் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதை வைத்தோ முடிவெடுக்க வேண்டாம். ராத்திரி முழுக்க உள்விளக்கு எரிந்து டவுன் ஆன பேட்டரி, சார்ஜ் போட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும். பேட்டரியின் மேலே சார்ஜைக் காட்ட வைத்திருக்கும் பச்சைக் கண்ணையும் நம்பிவிடாதீர்கள். உள்ளே ஆறு செல். அந்தக் கண் பார்ப்பது ஒன்றை மட்டும். மற்ற ஐந்தில் ஒன்று செத்திருந்தாலும் அது பச்சையாகவே இருக்கும்.

முழு சார்ஜ், பிறகுதான் சோதனை

பாதி சார்ஜில் இருக்கும் நல்ல பேட்டரியும் முழு சார்ஜில் இருக்கும் கெட்ட பேட்டரியும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். அதனால் சார்ஜரில் போடாமல் செய்யும் எந்தச் சோதனையும் பாதிச் சோதனைதான். சார்ஜ் கரண்ட், பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் ஆம்பியர்-மணி எண்ணில் பத்தில் ஒரு பங்கு: 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 3.5 ஆம்பியர். காலியாக இருந்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் காற்றோட்டமான இடம் வேண்டும். பக்கத்தில் தீப்பொறி கூடாது.

மூடி திறக்கும் வகை என்றால் தண்ணீர் மட்டம் பாருங்கள். பிளேட் வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விட்டு, சார்ஜ் ஏறிய பிறகு குறி வரை நிரப்புங்கள். முன்பே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். ஆர்ஓ தண்ணீர் வேண்டாம், அதில் உப்பு மிச்சம் இருக்கும். ஆசிட் ஊற்றவே கூடாது. ஆவியாவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது.

சார்ஜரைக் கழற்றியதும் மீட்டர் வைத்தால் 13க்கு மேல் காட்டும், அது மேலோட்டமான சார்ஜ். பானட்டை ராத்திரியே திறந்து வைத்துவிட்டு, காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே அளப்பது சிறந்தது. அவசரம் என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் என்றால் முழு சார்ஜ். 12.4 முக்கால், 12.2 பாதி, 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. முந்தின நாள் முழுதாக ஏற்றிய பேட்டரி மறுநாள் 12.4க்குக் கீழே இறங்கியிருந்தால் சார்ஜைத் தாங்கவில்லை. ஆனால் கேபிளைக் கழற்றி வைத்து ஒருமுறை அளந்த பிறகே அப்படிச் சொல்ல வேண்டும், நிறுத்திய வண்டியிலேயே ஏதாவது கரண்டை உறிஞ்சும் கசிவு இருக்கலாம். 10.5 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் ஒரு செல் ஷார்ட். அதற்கு மேல் சோதிக்க எதுவும் இல்லை, மாற்ற வேண்டியதுதான்.

செல்ஃப் அடிக்கும்போது என்ன காட்டுகிறது

12.6 வந்துவிட்டது, பேட்டரி நன்றாக இருக்கிறது என்று இங்கேயே நிறுத்திவிடுபவர்கள் அதிகம். வோல்ட் சொல்வது எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதை. எவ்வளவு கரண்ட் தர முடியும் என்பதை அல்ல. முக்கால்வாசி தூர்ந்த கிணற்றிலும் தண்ணீர் விளிம்பு வரை நிற்கலாம், இறைத்தால்தான் ஆழம் தெரியும்.

மீட்டர் முனைகளைக் கேபிளின் கிளாம்பில் வைக்காமல் பேட்டரியின் ஈயத் தூணிலேயே அழுத்திப் பிடியுங்கள். இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். வண்டி சட்டென்று ஸ்டார்ட் ஆகிவிட்டால் மலிவு மீட்டரால் அந்த இறக்கத்தைப் பிடிக்க முடியாது. பெட்ரோல் வண்டியில் ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸைக் கழற்றிவிட்டால் எஞ்சின் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நான்கைந்து நொடி போதும், அதற்கு மேல் ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறும்.

நம் வெப்பநிலையில் 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் கவலையில்லை. முழு சார்ஜுக்குப் பிறகும் 9.6க்குக் கீழே விழுந்தால் அந்தப் பேட்டரி முடிந்தது. இடைப்பட்டதாக இருந்தால் ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். அதற்குள் ஊட்டி, கொடைக்கானல் பயணம் இருந்தால் மாற்றிவிட்டே போகலாம். குளிரில் பேட்டரியின் திறன் குறையும், எஞ்சின் ஆயில் கெட்டியாகிச் சுற்றுவதற்கு அதிகக் கரண்ட் கேட்கும். டீசல் வண்டிக்கு இது இரட்டிப்புத் தொல்லை.

வோல்ட் 12க்கு மேல் அசையாமல் நிற்கிறது, எஞ்சினும் சுற்றவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். கோளாறு ஸ்டார்ட்டர் மோட்டாரிலோ, அதற்குக் கரண்டை விடும் சொலினாய்டு, ரிலேயிலோ, கழன்ற இணைப்பிலோ இருக்கும். வோல்ட் 10.5 இருக்கிறது, ஆனாலும் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தூணிலும் மற்றொன்றை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பக்கம் எங்கோ துரு. டெர்மினலில் வெள்ளையோ நீலப்பச்சையோ பூத்திருந்தால் ஆப்ப சோடா கரைத்த வெந்நீரும் பழைய டூத்பிரஷும் போதும். துடைத்து, காயவிட்டு, கிளாம்பை இறுக்கி, அதற்கு மேல் வாசலின் தடவுங்கள். இதற்குப் பிறகு பிரச்சினையே இல்லாமல் போன வண்டிகள் ஏராளம்.

கடையில் டிஜிட்டல் டெஸ்டர் வைத்துச் சீட்டு அடித்துக் கொடுப்பார்கள். அதில் வரும் சிசிஏ எண்ணை (குளிரில் செல்ஃப் அடிக்கப் பேட்டரி தரக்கூடிய கரண்ட்) லேபிளில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். 70 சதவீதத்துக்குக் கீழே என்றால் மாற்றலாம். ஆனால் டெஸ்டரில் சரியான தர முறையும் (அந்த எண் எந்தத் தரநிலைப்படி என்பது) சரியான எண்ணும் கொடுத்திருக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். தவறாகக் கொடுத்தால் நல்ல பேட்டரிக்கும் 'மாற்றவும்' என்று வரும். 'சார்ஜ் செய்து மறுபடி சோதிக்கவும்' என்று வந்தால் அதற்கு அர்த்தம் அதேதான், மாற்றவும் என்று அல்ல.

புதிதை வாங்கும் முன்

ஆல்டர்நேட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எஞ்சினை ஓடவிட்டுத் தூண்களில் அளங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். ஹெட்லைட், ஏசி, புளோயர் எல்லாம் போட்டாலும் 13.2க்குக் கீழே இறங்கக் கூடாது. 15ஐத் தாண்டியே நின்றால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறு. அது புதுப் பேட்டரியையும் கொதிக்கவைத்துக் கொன்றுவிடும். இப்போதைய வண்டிகள் பலவற்றில் கம்ப்யூட்டர் சார்ஜிங்கை ஏற்றி இறக்குவதால் சில சமயம் 12.6தான் இருக்கும். ஹெட்லைட்டைப் போட்டுச் சற்று நேரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்று வருடத்துக்குள் பேட்டரி செத்திருந்தால் கசிவைத் தேடாமல் விடக் கூடாது. வண்டியைப் பூட்டி, ஒரு மணி நேரம் கழித்து நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் தூணுக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியர் அளவில் இணைத்துப் பார்த்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். மீட்டர் நடுவில் இருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியரே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, 35 ஆம்பியர்-மணி பேட்டரி பதினைந்து நாளில் பாதியாகிவிடும். டேஷ்கேம், ஜிபிஎஸ், வண்டி வாங்கிய பிறகு மாட்டிய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள்.

சில நிலைகளில் சோதனையே தேவையில்லை: பக்கவாட்டில் உப்பல், விரிசல், ஆசிட் ஒழுகல், ஆடும் தூண். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் எஞ்சினை அணைத்து, ஆறவிடுங்கள். இப்படிப்பட்ட பேட்டரிக்கு ஜம்ப் ஸ்டார்ட் கொடுக்கவே கூடாது.

வாங்கும்போது பழைய லேபிளில் உள்ள குறியீட்டை அப்படியே கேளுங்கள். 38பி20எல் என்பதில் கடைசி எழுத்து டெர்மினல் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லும். எல்லுக்குப் பதில் ஆர் வாங்கினால் கேபிள் எட்டாது. 20 என்பது நீளம், ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். சிக்னலில் தானே அணைந்து எழும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிக்கு, அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைதான் போட வேண்டும், சாதாரணமானது சீக்கிரமே படுத்துவிடும். தயாரிப்புத் தேதி மூன்று மாதத்துக்குள் இருக்கட்டும். கடையிலேயே மீட்டர் வைத்து 12.5க்குக் கீழே என்றால் வேறு ஒன்று கேளுங்கள். வாரண்டி மாதங்களில் எத்தனை முழு இலவசம், எத்தனை தள்ளுபடி மட்டும் என்று அட்டையில் பாருங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இரண்டின் கூட்டுத்தொகை.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். நெகட்டிவ் இணைந்திருக்கும்போது பாசிட்டிவ் நட்டில் உள்ள ஸ்பானர் பாடியைத் தொட்டால் பெரிய தீப்பொறி கிளம்பும். பிடிப்புக் கிளாம்பை மறக்காமல் இறுக்குங்கள், ஆடும் பேட்டரியில் பிளேட் உதிரும். கடிகாரம், ஜன்னலின் ஆட்டோ இயக்கம் போன்றவை மறந்துபோயிருக்கும், ஐடிலும் முதல் நாள் கொஞ்சம் தடுமாறலாம். சில ஐரோப்பிய வண்டிகளில் புதுப் பேட்டரியை ஸ்கேனர் வழியாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். பழையதை நிமிர்த்தியே வைத்துக் கடைக்கு எடுத்துப் போங்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது குப்பைக்குப் போகக் கூடாது, ஈயத்தின் மதிப்புக்குப் புதியதன் விலையில் தள்ளுபடியும் கிடைக்கும்.