ஃபின்னிஷில் ‘நிறைய’, ‘பல’, ‘எல்லா’: அடுத்து வரும் சொல்லைக் கவனியுங்கள்

அளவைச் சொல்லும் சொற்களின் அர்த்தம் சீக்கிரமே மனப்பாடம் ஆகிவிடும், சிக்கல் முழுக்க அவற்றுக்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல்லில்தான். அதனால் இரண்டையும் ஜோடியாகவே படியுங்கள். காருக்கு ‘அவ்தொ’ என்பார்கள், அதை வைத்தே பார்ப்போம்.

முதல் படி, பார்ட்டிட்டிவ் என்ற வேற்றுமை, அதாவது இத்தகைய அளவுச் சொற்களில் பலவற்றுக்குப் பின்னால் பெயர்ச்சொல் எடுக்கும் வடிவம். ஒருமையில் அவ்தொஅ, பன்மையில் அவ்தொய. சில சொற்களுக்கு ‘அ’வுக்குப் பதில் ‘த’, ‘த்த’ சேரும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பல்யொன் (நிறைய). எண்ண முடியாத பொருள் என்றால் ஒருமை: பல்யொன் கஹ்விஅ, நிறைய காப்பி. எண்ண முடிந்தால் பன்மை: பல்யொன் அவ்தொய. கடையில் விலை கேட்கும் ‘பல்யொன்கொ மக்ஸா?’ என்பதிலும் இதே பல்யொன்தான் இருக்கிறது.

மூன்றாவதுதான் பலரும் தடுமாறும் இடம். மொன்த என்றால் ‘பல’, ஆனால் அதற்குப் பின்னால் பன்மை வராது: மொன்த அவ்தொஅ. எண்களும் அப்படியே, கக்ஸி அவ்தொஅ என்றால் இரண்டு கார். ‘பத்து மாடு’, ‘மூணு புத்தகம்’ என்று ஒருமையிலேயே சொல்லிப் பழகிய நமக்கு இது சுலபம்தான், பல்யொனோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

வினைச்சொல்லையும் பாருங்கள். ‘பிஹல்ல ஒன் பல்யொன் அவ்தொய’, அதாவது முற்றத்தில் நிறைய கார்கள் இருக்கின்றன. இதில் ‘ஒன்’ ஒருமை வினை, கார் எத்தனை இருந்தாலும் அது மாறாது, மொன்த வந்தாலும் அதே ‘ஒன்’தான். கைக்கி (எல்லா) வேறு மாதிரி: கைக்கி அவ்தொத் என்று சாதாரணப் பன்மை வரும், வினையும் ‘ஒவத்’ என்று பன்மைக்குப் போய்விடும்.

கடைசியாக, ‘கார்களில்’ என்று ‘இல்’ சேர்க்க வேண்டியிருந்தால்? பல்யொன் இங்கே கைகொடுக்காது. மொன்தவின் அடிப்படை வடிவமான மொனியை எடுத்துக்கொண்டு இரண்டு சொல்லுக்கும் உருபு சேர்க்க வேண்டும்: மொனெஸ்ஸ அவ்தொஸ்ஸ, பல கார்களில். இங்கேயும் ஒருமைதான். யொக (ஒவ்வொரு) மட்டும் எந்த உருபும் ஏற்காது: யொக அவ்தொஸ்ஸ. எனக்கு இவற்றில் மிகவும் பிடித்த சொல் இதுதான், அவ்வளவு எளிது.

இப்போது வீடு என்னும் ‘தலொ’வை வைத்து நீங்களே செய்து பாருங்கள். விடைகள்: பல்யொன் தலொய, மொன்த தலொஅ, கைக்கி தலொத், மொனெஸ்ஸ தலொஸ்ஸ, யொக தலொஸ்ஸ.