காலனிக்கால அமெரிக்க வம்சாவளியைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலனிக்கால அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் முன்னோரைத் தேடுவோர் ஆவணம் கிடைக்காமல் திகைப்பது உண்டு. ஆனால், கிடைத்த ஆவணத்தை இன்றைய பொருளில் படித்துவிடுவதால் நேரும் பிழையே கண்டுபிடிக்கக் கடினமானது.

முதலில் நாட்காட்டி. பிரிட்டனின் அமெரிக்கக் காலனிகளில் 1751 வரை சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. ஆகவே 1702 ஏப்ரலில் மணந்த தம்பதிக்கு 1702 பிப்ரவரியில் குழந்தை பிறந்ததாகப் பதிவேடு கூறினால், அந்தப் பிப்ரவரி திருமணத்துக்குப் பத்து மாதம் பிந்தியது. இதை அறியாமல் அக்குழந்தையை முந்தைய மனைவிக்குப் பிறந்ததாக எழுதிவிட்டால், ஒரு கிளை முழுவதும் வேறு தாய்க்குச் சென்றுவிடும். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த நாளே அன்றைய கணக்கில் 1731 பிப்ரவரி 11. 1752இல் நடைமுறைக்கு வந்த புதிய கணக்கில், பதினொரு நாள் தள்ளி, 1732 பிப்ரவரி 22. பதிவேட்டில் 1731/32 என்று இரட்டை ஆண்டு காணப்பட்டால், அதை அப்படியே படியெடுக்க வேண்டும். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மாதங்களை எண்ணால் குறித்தார்கள். அவர்களுடைய 'முதல் மாதம்' அக்காலத்தில் மார்ச், ஜனவரி அல்ல.

அடுத்தது உறவுச் சொற்கள். உயிலில் 'சன்-இன்-லா' என்று இருந்தால் அவர் மருமகனாகவும் இருக்கலாம், மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த மகனாகவும் இருக்கலாம். 'கசின்' என்பது உடன்பிறந்தவரின் பிள்ளையையும் குறித்தது. சித்தப்பா, பெரியப்பா, மாமா என்று பிரித்துச் சொல்லிப் பழகிய நமக்கு இந்தத் தெளிவின்மை சற்று எரிச்சலூட்டவே செய்யும். 'சீனியர்', 'ஜூனியர்' என்பவை தந்தை, மகன் என்பதற்குச் சான்றல்ல. ஒரே ஊரில் ஒரே பெயருடைய இருவரில் வயதில் மூத்தவரையும் இளையவரையும் பிரித்தறியவும் எழுத்தர்கள் அவற்றைப் பயன்படுத்தினார்கள், மூத்தவர் இறந்ததும் நேற்றைய ஜூனியர் சீனியராகிவிடுவார். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்குச் சூட்டுவதும் வழக்கமாக இருந்ததால், ஒரே பெயரில் இரண்டு பிறப்புப் பதிவுகள் கிடைத்தால் இறப்புப் பதிவையும் தேட வேண்டும்.

எல்லைகளும் மாறின. மெய்ன் 1820 வரை மாசசூசெட்ஸின் பகுதியாகவும், கென்டக்கி 1792 வரை வர்ஜீனியாவின் பகுதியாகவும் இருந்தன. அக்கால நிலப் பத்திரங்களை இன்றைய மாநிலத்தில் மட்டும் தேடுவது போதாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இக்காலத்துக்கு அதிகம் உதவாது: முதல் கூட்டாட்சிக் கணக்கெடுப்பு 1790இல்தான் நடந்தது, அதிலும் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே பதிவானது.

அச்சேறிய குடும்ப வரலாறு என்பதாலேயே ஒன்றை நம்பிவிடுவதும் ஆபத்து. 1942இல் மறைந்த குஸ்தாவ் அஞ்சூ, செல்வந்தக் குடும்பங்களிடம் பணம் பெற்றுக்கொண்டு, உண்மையான ஆவணங்களுக்கு நடுவே இட்டுக்கட்டிய சான்றுகளைச் செருகி, நூற்றுக்கும் மேற்பட்ட போலி வம்சாவளிகளைத் தயாரித்தார். அவை நூலகங்களை அடைந்து, அங்கிருந்து இணையத்தின் குடும்ப மரங்களிலும் படியெடுக்கப்பட்டுள்ளன. எனவே அட்லாண்டிக்கைக் கடந்து ஓர் ஆங்கிலப் பிரபுவிடம் சென்று சேரும் வரிசை கைக்கு வந்தால், அதைத் தொகுத்தவர் யார் என்பதையும், கப்பலேறியவரை அந்தப் பிரபுவோடு இணைக்கும் உயிலோ ஞானஸ்நானப் பதிவோ உண்மையிலேயே இருக்கிறதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும்.