எந்த எடிட்டரில் எழுதினாலும் பொருளடக்கம் வரவேண்டும்

ஹட்டனிலிருந்து நாங்கள் நடத்தும் பாடக்குறிப்புத் தளத்துக்குத் தலவாக்கலை, பண்டாரவளை ஆசிரியர்கள் மார்க்டவுனில் (எளிய குறிகளால் தலைப்பு, பட்டியல் எல்லாம் காட்டும் எழுத்து முறை) எழுதி அனுப்புகிறார்கள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பிள்ளைகள் போனில் படிப்பதால் நீண்ட பாடத்துக்குப் பொருளடக்கம் கட்டாயம் வேண்டும். ஆனால் மார்க்டவுனுக்கான பொது விதிமுறையான காமன்மார்க் தரத்தில் அதற்கென்று குறியீடே கிடையாது. மார்க்டவுனை வலைப்பக்கமாக மாற்ற நாங்கள் பயன்படுத்தும் பைத்தன்-மார்க்டவுன், ஒற்றைச் சதுர அடைப்புக்குள் பெரிய எழுத்தில் டிஓசி (TOC, பொருளடக்கம்) என்றிருந்தால்தான் ஏற்கும். வியூபிரஸ் என்ற தளம் கட்டும் கருவி பழகியவர் இரட்டை அடைப்பில் சிறிய எழுத்தில் போடுவார், கிட்லேப் என்ற கோட் சேமிப்புத் தளம் பழகியவர் இரட்டை அடைப்புக்குள் சொல்லின் இரண்டு பக்கமும் அடிக்கோடு சேர்ப்பார். அவை பக்கத்தில் அப்படியே எழுத்தாகத் தெரிந்தன.

ஆசிரியர்களை மாறச் சொல்வது சரியில்லை, மென்பொருள்தான் இறங்கி வரவேண்டும். மாற்றத்துக்கு முன்பே உரையைத் திருத்தும் ஒரு சிறிய ப்ரீப்ராசெசர் எழுதினேன். வரியில் குறியீடு மட்டும் இருந்தால் அதை இயல்பான வடிவத்துக்கு மாற்றி, மேலும் கீழும் வெற்று வரி விடும். பத்தியோடு ஒட்டியிருந்தால் பொருளடக்கம் வராது. பெரிய முன்னுரிமை எண் உள்ளதுதான் முதலில் ஓடும்; ப்ரீப்ராசெசரின் எண்ணை 25க்குக் கீழே வைத்தேன். மேலும் கீழும் குறியிட்டு அடைத்த (வேலியிட்ட) கோட் பகுதிகள் 25இலேயே ஒதுக்கப்பட்டுவிடுவதால், அவற்றுக்குள் உதாரணமாகக் காட்டிய குறியீடு தப்பிக்கும்.

அப்புறம் தமிழ்த் தலைப்புகள். தலைப்பிலிருந்து அதற்கான இணைப்புப் பெயரை (ஸ்லக்) உண்டாக்கும் இயல்பான முறை தமிழை முழுக்க உதிர்த்துவிட்டு அடிக்கோடும் எண்ணும் மட்டும் தருகிறது. பிற மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூனிகோட் ஸ்லக் முறையும் போதாது: உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் பைத்தன் ரெகெக்ஸுக்கு (உரையில் வடிவம் தேடும் கருவி) எழுத்தல்ல, அதனால் ‘தேயிலை’ ‘தயல’ ஆகிறது. நம் எழுத்தை இப்படிச் சிதைக்க விட மனம் வரவில்லை. யூனிகோடில் குறி வகையைச் சேர்ந்தவற்றையும் காப்பாற்றும் ஸ்லக் ஃபங்ஷன் ஒன்றை எழுதி, டிஓசி நீட்சியின் அமைப்பில் கொடுத்தேன். இப்போது இணைப்பிலும் ‘தேயிலை’ முழுதாக நிற்கிறது.