நெல்லைப் போல நிற்கும் களை: கூர்ப்பில் நோக்கம் உண்டா என்று வகுப்பில் செய்து பார்க்கும் முறை

அம்பாறை, மட்டக்களப்பு வட்டைகளில் பெரும்போக வெள்ளாமை விதைத்து இரண்டு மூன்று கிழமை போனதும் நெல்லுக்குள் நெற்சப்பி என்ற களைப்புல்லும் எழுந்து நிற்கும். வரம்பில் நின்று பார்த்தால் எது நெல், எது புல் என்று பழகாத கண்ணுக்குப் பிடிபடாது. ஏன் இப்படி என்று கேட்டால், “களை பிடுங்குகிறவர்களை ஏமாற்றத்தான்” என்று உயர்தர மாணவர்களும் சொல்வார்கள். வாதாடி அந்தப் பதிலை மாற்றுவது கடினம். இரண்டு பாடவேளை ஒதுக்கி, தாளை வெட்டிச் செய்து பார்க்க விட்டால் அவர்களே வேறு பதிலுக்கு வருவார்கள்.

ஒரு குழுவுக்குத் தடித்த ஏ4 தாள் 3 வேண்டும். மூன்றும் ஒரே கட்டிலிருந்து எடுத்த ஒரே பச்சையாக இருக்கட்டும். நிறம் சற்று வேறுபட்டாலும் மாணவர் நீளத்தை விட்டுவிட்டு நிறத்தைப் பார்த்தே பிடுங்குவார்கள், முழு விளையாட்டும் கெட்டுவிடும். மெல்லிய தாளும் சரிவராது, மின்விசிறிக் காற்றில் பறக்கும்.

முதல் தாளில் 1 சென்ரிமீற்றர் அகலமும் 8 சென்ரிமீற்றர் நீளமுமான 60 துண்டுகள் வெட்டுங்கள். இவை நெல். இரண்டாம் தாளில் 25 சென்ரிமீற்றர் நீளத்தில் 15 பட்டிகள். அவற்றில் ஐந்தை 10, 15 ஆகவும், ஐந்தை 11, 14 ஆகவும், ஐந்தை 12, 13 ஆகவும் பிரித்தால் 30 களை கிடைக்கும். சராசரி 12.5. ஒவ்வொரு களையின் அடிப்பக்கத்திலும் அதன் நீளத்தைப் பென்சிலால் எழுதுங்கள். நெல்லில் எதுவும் எழுத வேண்டாம். மூன்றாம் தாள் கைவசம் இருக்கட்டும்.

ஒரு பாயை விரித்து, 90 துண்டுகளையும் எழுத்து கீழே இருக்கும்படி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கத் தூவுங்கள். ஒருவர் நின்றபடி பார்த்து, குனிந்து, களை என்று தோன்றுவதை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். இரண்டு துண்டைப் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்கக் கூடாது. எடுத்ததைத் திருப்பும்போது எண் இல்லாவிட்டால் அது நெல், திரும்பப் பாயில் போடுங்கள். 20 களை வந்ததும் நிறுத்துங்கள். 2 நிமிடத்தில் 20 வராவிட்டால் மீதியைக் கண்ணை மூடி எழுமாறாக எடுக்கலாம்.

தப்பிய 10 களையும் பாயிலேயே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 2 பிள்ளை. பிள்ளை ஒவ்வொன்றுக்கும் இரண்டு ரூபாய்க் குற்றிகளைச் சுண்டுங்கள். இரண்டிலும் இலக்கப் பக்கம் விழுந்தால் தாயைவிட 1 சென்ரிமீற்றர் கூட, இரண்டிலும் இலச்சினை விழுந்தால் 1 குறைவு, மாறி விழுந்தால் தாயின் நீளமே. பிடுங்கிய துண்டுகளை நறுக்கியே பிள்ளைகளைச் செய்யலாம், நீளம் போதாவிட்டால் மட்டும் மூன்றாம் தாளைத் தொடுங்கள். மறுபடி 30 ஆனதும் சராசரியைக் கரும்பலகையில் எழுதி அடுத்த சுற்றுக்குப் போங்கள்.

பிடுங்குகிற கண் கூர்மையாக இருந்தால் ஐந்து சுற்றுக்குள் சராசரி 9க்குக் கிட்ட வரும். 8ஐ நெருங்க நெருங்க மாற்றம் மந்தமாகும், ஏனென்றால் கண்ணுக்கு இனி வேறுபாடு தெரியாது. பிடுங்குகிறவர் நெல்லையும் சேர்த்துப் பிடுங்கத் தொடங்குவதும் இந்தக் கட்டத்தில்தான்.

இத்தோடு நிறுத்திவிட்டால் பாதிப் பாடம்தான். இன்னும் இரண்டு குழுக்கள் கட்டாயம் வேண்டும். இரண்டாவது குழு கண்ணை மூடிக்கொண்டு 20 களையை எடுக்கட்டும், மற்றதெல்லாம் அதே விதி. அவர்களின் சராசரி அலையும், 1 சென்ரிமீற்றருக்கு மேலும் நகரலாம், ஆனால் 8ஐ நோக்கித்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. மூன்றாவது குழு கண்ணைத் திறந்து பிடுங்கட்டும், ஆனால் குற்றி சுண்டக் கூடாது. பிள்ளை எப்போதும் தாயின் நீளமே. இவர்களின் களை 10க்குக் கீழே ஒருபோதும் போகாது. தப்புவதற்கு 8 தேவை என்பதாலேயே 8 பிறந்துவிடாது. நம் அனுபவத்தில் மாணவரை அதிகம் யோசிக்க வைப்பது இந்த மூன்றாவது குழுவின் முடிவே.

பிறகு கேளுங்கள்: எந்தத் துண்டு தன் நீளத்தை மாற்றியது? ஒன்றுமில்லை. ஒவ்வொன்றும் பிறந்த நீளத்தோடே பிடுங்கப்பட்டது. மாறியது கூட்டம்.

கெட்டிக்கார மாணவர் ஒருவர் எழுந்து, “பிடுங்குகிறவருக்கு நோக்கம் இருக்கிறதே” என்பார். மிகச் சரியான கேள்வி, விரைந்து கடந்துவிட வேண்டாம். ஆம், இருக்கிறது, ஆனால் அந்த நோக்கம் களையை ஒழிப்பது. விளைந்ததோ ஒழிக்க முடியாத களை. அங்கிருந்த ஒரே நோக்கத்துக்கு நேர்மாறாகவே களை உருவானது. 1859இல் வெளிவந்த டார்வினின் நூல், முதல் அதிகாரத்திலேயே, வளர்ப்பவர் திட்டமிடாமலே நடக்கும் தேர்வைப் பற்றிப் பேசுகிறது. களை அதற்கும் ஒரு படி அப்பால் நிற்கிறது. சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில் நெல்லைப் போல நிற்கும் நெற்சப்பியின் மரபணுக்களை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வு, அந்த வகை ஏறக்குறைய 1,000 ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது என்று கணித்தது. மனிதக் கை களை பிடுங்கியதையே காரணமாகச் சொன்னது. இதைக் கொண்டு நம் வட்டையில் நிற்கும் ஒவ்வொரு புல்லும் அப்படித்தான் வந்தது என்று சொல்லிவிடக் கூடாது.

இறைவன் உலகைப் படைத்ததற்கு நோக்கம் உண்டா என்றும் கேட்பார்கள். தாள் துண்டுகள் அதற்குப் பதில் தராது, தருவதாகக் காட்டிக்கொள்ளவும் வேண்டாம். நெல்லைப் போன்ற உருவம் வருவதற்குப் புல்லின் எண்ணம் தேவையில்லை என்பது மட்டுமே இங்கே தெரிகிறது. அதைத் தெளிவாகச் சொன்னால் எந்த வீட்டுப் பிள்ளையும் மனம் நோகாது.

வயலுக்கு அழைத்துப்போக முடிந்தால், உரியவரிடம் கேட்டு, வரம்பிலேயே நின்று இரண்டு பயிரைப் பிடுங்குங்கள். இலை, தண்டைச் சுற்றிய மடலோடு சேரும் மூட்டில் இலையை மெல்லப் பின்னே வளையுங்கள். நெல்லில் மெல்லிய வெண் சவ்வு நாக்குப் போல நிற்கும், இரு பக்கமும் மயிர் கொண்ட சிறு காதுகள் இருக்கும். நெற்சப்பியில் நாக்கும் இல்லை, காதும் இல்லை. உருவம் இவ்வளவு ஒத்தும் இது ஏன் ஒக்கவில்லை என்று கேளுங்கள். நின்றபடி பிடுங்குகிற கண்ணுக்கு அந்த மூட்டு படுவதில்லை.

நேரம் மிஞ்சினால் களைநாசினிச் சுற்று ஒன்று. 30இல் 2 துண்டின் அடியில் புள்ளி வையுங்கள், அவை மருந்தைத் தாங்கும் களைகள். புள்ளி இல்லாதவற்றில், மருந்து படாமல் தப்பியதாக எழுமாறாக 4ஐ விட்டு மீதியை அகற்றுங்கள். எஞ்சிய 6க்கும் தலா 4 பிள்ளை, புள்ளி தாயிடமிருந்து வரும். ஒரே சுற்றில் 2 புள்ளி 10 ஆகும், நீளம் இங்கே கணக்கிலேயே இல்லை. புள்ளி மருந்துக்கு முன்பே இருந்ததை மாணவரே சொல்லும்வரை அடுத்த சுற்றைத் தொடங்க வேண்டாம்.