சிறைக்குள் இருக்கும்போது நம்பிக்கையைப் பிடித்துக்கொள்வது எப்படி?

நான்கு வருடம் உள்ளே இருந்தவன் சொல்கிறேன். முதல் வாரம் எதையும் நம்ப முயற்சிக்காதீர்கள். சாப்பிடுங்கள், தூங்குங்கள், அழுகை வந்தால் அழுங்கள். அது போதும்.

அப்புறம் தினமும் ஒரு நேரத்தைப் பிடியுங்கள். எனக்கு அது விடியற்காலை. மற்றவர்கள் எழும் முன் போர்வையை நான்காக மடித்து அதன்மேல் உட்காருவேன். பிரார்த்தனை என்பது பெரிய வார்த்தை; ஆரம்பத்தில் கடவுளோடு சண்டைதான் போட்டேன். பரவாயில்லை, சண்டையும் பேச்சுதானே. வார்த்தை வராத நாளில் மகள் பெயரை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். கடவுள் நம்பிக்கை இல்லாதவர் மூச்சை எண்ணலாம்.

விடுதலைத் தேதியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஒரு மனு தள்ளுபடியானால் மனசு நொறுங்கிவிடும். கைக்கு எட்டுகிற வேலை ஒன்று வேண்டும். 27 ஆண்டுகள் சிறையில் இருந்த நெல்சன் மண்டேலா, போல்ஸ்மூர் சிறையின் மொட்டை மாடியில் பாதியாக வெட்டிய எண்ணெய் பீப்பாய்களில் காய்கறி வளர்த்தார். எனக்குக் கிடைத்தது, எழுதத் தெரியாத ஒருவருக்குக் கடிதம் எழுதிக்கொடுக்கும் வேலை. அவர் சொல்லச் சொல்ல எழுதியபோதுதான், நான் வீட்டுக்கு எழுதியதெல்லாம் வெறும் புகார் என்று உறைத்தது. அடுத்த கடிதத்தில், அவள் வரைந்த பூனைக்கு ஏன் இரண்டு வால் என்று மகளிடம் கேட்டேன். பதில் வந்தது, மூன்று பக்கம்!

சாமி பேச்சோடு நெருங்குபவர் கடன் கேட்க ஆரம்பித்தால் விலகிவிடுங்கள்.

செத்துவிடலாம் என்று தோன்றும் இரவில் காவலரைக் கூப்பிடுங்கள், பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்புங்கள். திட்டுவார். சரி, திட்டட்டும், எழுப்புங்கள்.