பழைய லாரிக்கு எந்த ஆயில் ஊற்றுவது?

எங்கள் முதல் லாரி நாமக்கல்லில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய டாடா 1613. வாங்கிய நாளில் புகை இல்லை, ஆயில் பிரஷர் முள் ஜம்மென்று நின்றது, முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த மாமாவே ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். முதல் சர்வீஸுக்குப் பட்டறையில் என்ஜினுக்கு அடியில் ஆயில் தங்குகிற சம்ப்பின் போல்ட்டைக் கழற்றினால் ஆயில் தேன் மாதிரி இழுத்துக்கொண்டு இறங்குகிறது. "விக்கிறதுக்காகக் கெட்டி ஆயில் ஊத்தியிருக்காங்க தம்பி" என்று மெக்கானிக் சிரித்தார். சரியான ஆயிலை ஊற்றி இரண்டு ட்ரிப் போவதற்குள் நீலப் புகை வந்துவிட்டது, பிஸ்டன் ரிங் மாற்றுகிற செலவும் கூடவே வந்தது.

அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய வண்டி என்றால் கெட்டியான ஆயில் என்பது ஒரு பழக்கம், அவ்வளவுதான். ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்து வாங்குவதை விட்டுவிட்டு, டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

1. என்ஜின் எது என்று பாருங்கள்

வண்டியின் பெயர் போதாது. டாடாவின் பழைய லாரிகளில் சொந்த 697 வரிசை என்ஜினும் வந்திருக்கிறது, கம்மின்ஸ் 6பி.டி. என்ஜினும் வந்திருக்கிறது. லேலண்டிலும் பழைய என்ஜின் வேறு, ஹினோ என்ஜின் வேறு. நடுவில் யாராவது என்ஜினையே மாற்றியிருக்கலாம், அதனால் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற என்ஜின் நம்பரை பிளாக்கில் அடித்திருக்கிற நம்பரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டர்போ இருக்கிறதா, புகை மாசு விதியான பி.எஸ். (பாரத் ஸ்டேஜ்) 2-ஆ 3-ஆ என்பதையும் குறித்துக்கொண்டு, அந்த என்ஜினின் மேனுவலில் என்ன கிரேடு, எத்தனை லிட்டர் என்று தேடுங்கள். மேனுவல் இல்லையென்றால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் என்ஜின் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள்.

2. வண்டி எவ்வளவு ஆயில் குடிக்கிறது?

சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டுகிற கேஜ் கம்பியைத் துடைத்துப் பாருங்கள். மேல் கோடு வரை நிரப்பி, கிலோமீட்டரை எழுதி வையுங்கள். அடுத்த ஒரு லிட்டரை எத்தனை கிலோமீட்டரில் ஊற்றுகிறீர்கள் என்பதுதான் கணக்கு. 1000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல் போனால் நான் ஆயில் கடைக்குப் போக மாட்டேன், பட்டறைக்குத்தான் போவேன்.

ஆயில் கறுப்பாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள், டீசல் என்ஜினில் புது ஆயில்கூடச் சீக்கிரமே கறுத்துவிடும், கரியைத் தன்னோடு இழுத்து வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. பயப்பட வேண்டியது வேறு: பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஊற்றாமலேயே அளவு ஏறி டீசல் வாசம் வந்தால் டீசல் இறங்குகிறது. இந்த இரண்டுக்கும் எந்த விலை ஆயிலும் மருந்து இல்லை.

3. நம்பர்: 15டபிள்யூ-40

குழப்பம் எல்லாம் இங்கேதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கிற எழுத்து. அதற்கு முன்னால் இருக்கும் எண், என்ஜின் சில்லிட்டுக் கிடக்கும்போது ஆயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைச் சொல்கிறது. சின்ன எண் என்றால் இலகு. பின்னால் வரும் 40, 100 டிகிரி சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பது. அப்படியானால் 15டபிள்யூ-40-ம் 20டபிள்யூ-40-ம் சூடான என்ஜினில் ஒரே வகுப்புதான். வித்தியாசம் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது. ஜனவரியில் டெல்லிப் பக்கம் லோடு ஏற்றிப் போகிற வண்டி என்றால் 15 நல்லது, சேலம் - கோவை தாண்டாத வண்டிக்கு மேனுவல் அனுமதித்தால் 20-ம் போதும்.

20டபிள்யூ-50 ஊற்றினால் பிரஷர் முள் ஏறும், உண்மைதான். ஆனால் முள் காட்டுவது ஆயில் எவ்வளவு முட்டுகிறது என்பதை, எவ்வளவு ஓடுகிறது என்பதை அல்ல. கஞ்சியை ஸ்ட்ராவில் உறிஞ்சிப் பாருங்கள், வாய் வலிக்கும், வயிறு நிறையாது. காலையில் ஸ்டார்ட் ஆன முதல் சில விநாடிகளில் மேலே வால்வைத் தட்டுகிற ராக்கருக்கும் டர்போவுக்கும் ஆயில் போய்ச் சேர வேண்டும், தேய்மானம் அதிகம் நடக்கிற நேரமே அதுதான், கெட்டி ஆயில் அங்கேதான் தாமதிக்கிறது. என்ஜின் சூடானபின் 1000 சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 0.7 கிலோ பிரஷர் இருக்கிறதா என்று பட்டறைகளில் பார்ப்பார்கள். அது இருந்தால் 40-லேயே இருங்கள். இல்லையென்றால் முதலில் பேரிங்கையும் ஆயில் பம்ப்பையும் பாருங்கள். என்ஜின் வேலைக்குப் பணம் சேரும்வரை நாலு மாதம் ஓட்டியாக வேண்டும் என்ற நிலையில் 50 ஊற்றுவதை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அது தள்ளிப்போடுவது என்று தெரிந்து ஊற்றுங்கள்.

4. எழுத்து: சி.ஐ-4

டப்பாவில் ஏ.பி.ஐ. (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்) என்று போட்டு அதற்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து இருக்கும். எஸ்-இல் தொடங்கினால் பெட்ரோல், சி-இல் தொடங்கினால் டீசல். சி.எஃப்-4, சி.ஜி-4, சி.ஹெச்-4, சி.ஐ-4, சி.ஜே-4, சி.கே-4 என்று வரிசையாகத் தரம் கூடிக்கொண்டே போகும். சி.எஃப்-4-ஐ ஏ.பி.ஐ.-யே காலாவதி ஆக்கிவிட்டது, ஆனாலும் மலிவு என்பதற்காக இன்னும் கைக்கு வரும், வாங்காதீர்கள். பி.எஸ். 2, பி.எஸ். 3 டர்போ வண்டிக்கு சி.ஐ-4 அல்லது சி.ஐ-4 பிளஸ் தாராளம்.

சி.கே-4 ஊற்றலாமா? ஊற்றலாம், கெடுதல் இல்லை. அதில் சாம்பலைக் குறைத்திருப்பது புகைக்குழாயில் ஃபில்டர் இருக்கிற பி.எஸ். 6 வண்டிக்காக, உங்கள் பழைய வண்டியில் அந்த ஃபில்டரே இல்லை. (வீட்டில் பி.எஸ். 6 வண்டியும் நின்றால் மறந்தும் இந்த சி.ஐ-4 டப்பாவை அதில் கவிழ்த்துவிடாதீர்கள்.) எஃப்.ஏ-4 என்று ஒன்று இருக்கிறது, அது புது என்ஜின்களுக்கான மெல்லிய ஆயில், பழைய வண்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

இன்னொன்று. டீசலில் கந்தகம் அதிகம், அமிலம் என்ஜினைத் தின்னும், அதனால் ஆயிலைச் சீக்கிரம் மாற்று என்று பெரியவர்கள் சொல்வது அவர்கள் காலத்துக்குச் சரி. பி.எஸ். 2 டீசலில் 500 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 500 பங்கு வரை கந்தகம் இருக்கலாம், பி.எஸ். 3-இல் 350. 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க 10 பி.பி.எம். டீசல்தான். வண்டி பழசு, டீசல் புதுசு. அதற்காக மேனுவலைத் தாண்டி இழுக்க வேண்டாம், கரி அப்படியேதான் சேர்கிறது.

5. வாங்குவதும் மாற்றுவதும்

சர்வோ, மேக், கேஸ்ட்ரால், கல்ஃப் எதுவானாலும் சரி, நம்பரும் எழுத்தும் பொருந்தினால் போதும். மூடி சீல் உடையாமல் இருக்கிறதா, பேட்ச் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள், பில் கேட்டு வாங்குங்கள். காலி டப்பாவை எடைக்குப் போடும் முன் ஓட்டை போட்டுவிடுங்கள், போலி ஆயில் அதில்தான் திரும்பி வருகிறது.

என்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது இறக்குங்கள், முழுசாக வடியட்டும். ஃபில்டரும் போல்ட் வாஷரும் கட்டாயம் புதுசு. என்ஜினுக்கு டீசல் அனுப்புகிற சில பழைய பம்ப்புகளுக்குத் தனியாக ஆயில் ஊற்ற வேண்டியிருக்கும், மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் குறைவாக ஊற்றி, ஸ்டார்ட் பண்ணி பிரஷர் ஏறியதும் அணைத்து, கொஞ்ச நேரம் கழித்து கேஜ் பார்த்து மிச்சத்தை ஊற்றுங்கள்.

மலிவு ஆயிலிலேயே பல வருஷம் ஓடிய என்ஜின் என்றால், நல்ல ஆயில் உள்ளே போனதும் பழைய பிசுக்கைக் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவரும். அதனால் முதல் முறை மட்டும் பாதித் தூரத்திலேயே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள், இரண்டாவது முறையிலிருந்து மேனுவல் கணக்கு. எங்கள் கிளீனர் தம்பி ஃபில்டர் மேலேயே மார்க்கரில் தேதியும் கிலோமீட்டரும் எழுதி வைத்துவிடுகிறான், நோட்டு தொலைந்தாலும் அது தொலைவதில்லை.