உள் தணிக்கை: காகிதத்தை மட்டும் பார்த்தால் திருட்டு தெரியாது

உற்பத்தி ஆலைகளில் மோசடி நடப்பது பெரும்பாலும் பொருளில்தான். ஆனால் தணிக்கையோ ஃபைல்களோடு நின்றுவிடுகிறது. வவுச்சரில் கையெழுத்து இருக்கிறது, இன்வாய்ஸும் பர்ச்சேஸ் ஆர்டரும் ஒத்துப்போகின்றன என்று எழுதிவிட்டுக் கிளம்புவது முதல் தவறு. திருடுபவர் முதலில் சரிசெய்து வைப்பதே அந்தக் காகிதங்களைத்தான்.

அமெரிக்காவில் மெக்கெசன் அண்ட் ராபின்ஸ் என்ற மருந்து நிறுவனத்தின் மோசடி 1938இல் வெளிவந்தபோது, கணக்கில் காட்டிய சரக்கில் சுமார் 1 கோடி டாலர் மதிப்புள்ளது இல்லவே இல்லை என்று தெரிந்தது. கிடங்குக்குப் போய்ப் பார்க்கும் கட்டாயம் அன்றைய தணிக்கையாளர்களுக்கு இல்லை. சரி, போய்ப் பார்த்தால் போதுமா? 1963இல் அதே நாட்டில் வெடித்த சமையல் எண்ணெய் மோசடியில் ஆய்வாளர்கள் தொட்டிகளைப் பார்க்கத்தான் செய்தார்கள். மேலே எண்ணெய் மிதந்தது, அடியில் இருந்தது தண்ணீர். எதை, எப்படி அளக்கிறோம் என்பதையும் தணிக்கையாளரே முடிவுசெய்ய வேண்டும். ஸ்டோர்ஸ் ஆள் காட்டும் அடுக்கை மட்டும் எண்ணக் கூடாது.

ஸ்கிராப்பை, அதாவது உற்பத்தியில் மிஞ்சும் கழிவை, அலட்சியம் செய்வதுதான் என் கணிப்பில் மிகப் பெரிய ஓட்டை. 100 கிலோ தகட்டுக்கு 12 கிலோ கழிவு வர வேண்டிய இடத்தில் 7 கிலோதான் விற்றதாகக் கணக்கு இருந்தால், மீதி 5 கிலோ எங்கே? மூலப்பொருள், உற்பத்தி, கழிவு மூன்றையும் மாதாமாதம் ஒப்பிட்டாலே இந்தக் கேள்வி எழும். ஸ்கிராப் விற்கும்போது எடைமேடையில் நின்று, காலி லாரியின் எடையை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுகிறார்களா, இரும்புக் குவியலுக்குள் விலை கூடிய செம்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். அதுவும் சொல்லாமல் போக வேண்டும். தேதி சொல்லிவிட்டுப் போனால் அன்றைக்கு எல்லாம் ஒழுங்காகவே நடக்கும்.

சப்ளையரைப் பதிவு செய்பவரே பில்லையும் பாஸ் செய்வது, ஒப்பந்தத் தொழிலாளர் பட்டியலை கேட் பதிவோடு ஒப்பிடாமல் சம்பளம் போடுவது ஆகியவையும் அடிக்கடி கண்ணில் படும் தவறுகள்.

தணிக்கைக் குழு ஆலை மேலாளருக்குக் கீழே இருப்பது இன்னொரு பிழை. அவரைப் பற்றியே எழுத வேண்டி வந்தால் அறிக்கை யாரிடம் போகும்? இயக்குநர் குழுவின் தணிக்கைக் கமிட்டியிடம் நேராகப் போக வேண்டும். ஊழியர் புகார்களும் அங்கேயே சேர வேண்டும். மோசடி ஆய்வாளர்களின் அமைப்பான ஏசிஎஃப்இ 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 43% மோசடிகள் யாரோ கொடுத்த தகவலால்தான் வெளிவந்தன. அந்தத் தகவல்களில் பாதிக்கு மேல் ஊழியர்கள் கொடுத்தவை.